கோழிக்குடலில் மென்தசை: ஆர்கன் பாத் செய்முறையில் எது, எங்கே, ஏன் தவறுகிறது

மூளையோடும் தண்டுவடத்தோடும் இருந்த தொடர்பெல்லாம் அறுந்த பிறகும், வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் நூலில் தொங்கும் மூன்று சென்டிமீட்டர் குடல் துண்டு தன்பாட்டில் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். மென்தசையின் இயல்பைக் காட்ட இதைவிட நேரடியான வழி கிடையாது. இரைப்பை, குடல், மூச்சுக்குழல், ரத்தக்குழாய், சிறுநீர்ப்பை, கருப்பை, கண்ணின் பாவை, மயிர்க்கால் என்று நம் விருப்பத்தைக் கேட்காமல் வேலை நடக்கும் இடமெல்லாம் இந்தத் தசைதான்.

உப்புக்கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் (இதுதான் ஆர்கன் பாத்) குடல் துண்டைத் தொங்கவிட்டு, மருந்து ஊற்றி, அது சுருங்குவதைக் கிராஃபாகப் பதிவு செய்வதுதான் செய்முறை. பி.ஃபார்ம் மாணவர்கள் இதில் அதிகம் சொல்லும் புகார், "டோஸ் போட்டும் கிராஃப் வரவில்லை" என்பது. உடனே மருந்துக் கரைசலைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். குடலை எப்படி எடுத்தோம், எதில் போட்டோம், எவ்வளவு இழுத்துக் கட்டினோம், எத்தனை நேரம் ஓய்வு கொடுத்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அப்படி வரும் தவறு ஒவ்வொன்றும் மென்தசையின் ஒரு குணத்தைக் காட்டிக்கொடுக்கும். அதே குணத்தை நம்பித்தான் நாம் தினமும் விழுங்கும் எத்தனையோ மாத்திரைகள் வேலை செய்கின்றன. அதனால் இங்கே செய்முறையையும் தசையின் குணத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

வெட்டியெடுத்த குடல் துண்டைக் கரைசலில் தொங்கவிட்டு அசைவைப் பதிவு செய்யும் முறையை 1904இல் ருடால்ஃப் மாக்னஸ் வெளியிட்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் கினிப்பன்றியின் இலியம் (சிறுகுடலின் கடைசிப் பகுதி)தான் மருந்தியல் கூடங்களின் அன்றாடப் பொருள். இன்று பட்டப்படிப்புப் பயிற்சிக்கென்று விலங்கைக் கொல்லும் வழக்கம் நம் கல்லூரிகளில் ஏறக்குறைய நின்றுவிட்டது. அந்த இடத்தில் கணினி மென்பொருள் வந்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் அவற்றில் ஒன்று. டோஸ் கூடினால் கிராஃப் எப்படி உயரும் என்பதை மென்பொருள் நன்றாகவே கற்றுத்தரும். தசை சோர்ந்துபோவதை, இழுபட்டு நீள்வதை, கால்சியம் இல்லாமல் மௌனமாவதைக் கையால் உணர வேண்டும் என்றால் கறிக்கடையில் வீசியெறியும் கோழிக்குடல் போதும். இதற்காகத் தனியே ஓர் உயிர் போக வேண்டியதில்லை.

கடையிலிருந்து மேசைக்கு

கடைக்குப் போகும்போதே அகன்ற வாய் பாட்டிலில் 250 மி.லி. குளிர்ந்த டைரோடு கரைசலை (கலக்கும் முறையைப் பின்னால் சொல்லும் உப்புக்கரைசல்) ஊற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே நான்கு விஷயம் சொல்லி வைக்க வேண்டும். தோல் உரித்து விற்கும் கோழியாக இருக்கட்டும். இறகு எடுக்க வெந்நீரில் முக்கிய கோழி வேண்டாம். அறுத்த கையோடு குடலை எடுத்துத் தர வேண்டும். எடுத்த குடலைத் தண்ணீரில் அலசவே கூடாது.

நான்காவதை எத்தனை முறை சொன்னாலும் பழக்கதோஷத்தில் பக்கெட்டில் முக்கிவிடுவார்கள். பக்கத்திலேயே நின்று கையில் வாங்கிக்கொள்வது நல்லது. வெறும் தண்ணீரில் உப்பு இல்லாததால் அது செல்லுக்குள் பாயும். செல் வீங்கும், சவ்வு கிழியும். வெளியே பார்த்தால் குடல் பளிச்சென்று சுத்தமாகத் தெரியும், பாத்தில் கட்டினால் எதற்கும் அசையாது.

கோழியின் இலியத்தை அடையாளம் காண்பது எளிது. குடலின் கடைசிப் பகுதியில் இரண்டு நீண்ட குருட்டுக்குடல்கள் கரும்பச்சை நிறத்தில், இலியத்தின் இருபுறமும் ஒட்டியபடி மேல்நோக்கி ஓடும். அவை வந்து சேரும் சந்திப்பைப் பிடித்துக்கொண்டு குடல்வழியே மேலே வாருங்கள். ஓரிடத்தில் குடலின் வெளிப்புறத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு சின்ன முளை விரலில் தட்டுப்படும். முட்டைக்குள் இருந்தபோது மஞ்சள்கரு குடலோடு சேர்ந்திருந்த இடத்தின் எச்சம் அது. மெக்கல் முளை என்பார்கள். அந்த முளைக்கும் குருட்டுக்குடல் சந்திப்புக்கும் இடைப்பட்டதுதான் இலியம். சந்திப்பை ஒட்டிய ஓரிரு அங்குலத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் டைரோடு ஊற்றி, அதில் காற்றுக்குமிழி விட்டுக்கொண்டே சுத்தம் செய்ய வேண்டும். 10 மி.லி. பிப்பெட்டின் நுனியைக் குடலின் ஒரு முனையில் செருகி, கரைசல் தன் எடையிலேயே இறங்கி உள்ளிருப்பதைத் தள்ளும்படி விடுங்கள். சிரிஞ்சால் வேகமாக அடித்தால் சுவர் பலூன் மாதிரி விரிந்து தசையடுக்குகளும் அவற்றுக்கு இடையிலுள்ள நரம்புப் பின்னலும் கெட்டுவிடும். விரலால் உருவித் தள்ளுவது அதைவிட மோசம். குடல்தாங்கிச் சவ்வைச் சிறு கத்தரியால் சுவரை ஒட்டி நறுக்குங்கள். சவ்வு மிச்சமிருந்தால் அது குடலை ஒருபக்கம் இழுத்து வளைக்கும். ஃபோர்செப்ஸால் ஓரத்தை மட்டும் தொடலாம். நடுவில் கவ்விய இடம் வெளிறிச் சுருங்கி நிற்பதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். அந்த இடம் பிறகு வேலை செய்யாது.

கரைசல்

மோரிஸ் டைரோடு பேதி உப்புகள் குடலில் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தபோது, 1910இல் வெளியிட்ட கரைசல் இது. ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2, கால்சியம் குளோரைடு 0.2, மக்னீசியம் குளோரைடு 0.1, சோடியம் பைகார்பனேட் 1, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.05, குளுக்கோஸ் 1 கிராம்.

இதில் கால்சியம், மக்னீசியம் இரண்டுக்கும் சொன்ன எடை நீரற்ற உப்புக்கானது. கூடத்தில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் என்றும், மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் என்றும் எழுதியிருக்கும். அப்படியானால் கால்சியத்தை 0.265 கிராமும் மக்னீசியத்தை 0.21 கிராமும் எடுக்க வேண்டும். லேபிளைப் படிக்காமல் எடை போட்டால் கால்சியம் கால்வாசி குறைந்துபோகும். கிராஃப் முழுக்கக் குட்டையாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம், ஆனால் கடைசியில்தான் இது யாருக்கும் தோன்றும்.

சேர்க்கும் வரிசையும் முக்கியம். மற்ற உப்புகளை 800 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் முழுதும் கரைத்த பிறகு, கால்சியத்தைத் தனியே 100 மி.லி. நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே சிறுகச் சிறுக ஊற்றுங்கள். பிறகு லிட்டருக்கு நிரப்புங்கள். கெட்டியான கால்சியக் கரைசலை ஒரேயடியாகக் கொட்டினால் பைகார்பனேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளைக் கலங்கலாகப் படிந்துவிடும். கலங்கிய கரைசலை வடிகட்டிப் பயன்படுத்தப் பார்ப்பார்கள். வேண்டாம், கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். தசைக்கு வேண்டிய கால்சியம்தான் வடிதாளில் தங்கிவிட்டதே. குளுக்கோஸை அன்றன்று சேர்க்க வேண்டும். முந்தின நாளே சேர்த்தால் கிருமி வளர்ந்து விடும்.

கால்சியத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக்கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்நீரில் கலக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. காய்ச்சி வடித்த நீரில் கலந்தபோது இதயம் நின்றுபோனது. குழாய்நீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை இதயத்தைக் காப்பாற்றியிருக்கிறது. மென்தசையும் இந்த விஷயத்தில் இதயத்தசையைப் போலத்தான், வெளியிலிருந்து வரும் கால்சியத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. கைகால் தசைச் செல்லுக்குள் கால்சியத்தைச் சேர்த்துவைக்கும் பைகள் தாராளமாக உண்டு. மென்தசைச் செல்லில் அவை குறைவு.

இதைப் பாத்திலேயே காட்டலாம். நல்ல கிராஃப் வந்துகொண்டிருக்கும்போது கால்சியம் சேர்க்காத டைரோடால் நான்கைந்து முறை கழுவுங்கள். பொட்டாசியம் கொடுத்தால் வரும் சுருக்கம் சீக்கிரமே காணாமல் போகும். அசிட்டைல்கோலினுக்கு (நரம்பு முனை விடும், குடலைச் சுருங்க வைக்கும் பொருள்) வரும் சுருக்கம், செல்லுக்குள் சேர்ந்திருக்கும் கால்சியம் தீரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பழைய கரைசலுக்கு மாறினால் சில நிமிடங்களில் தசை மீண்டு வரும். கால்சியம் வாயில்களை அடைக்கும் அம்லோடிபின், நிஃபெடிபின் மாத்திரைகள் ரத்தக்குழாய்ச் சுவரில் செய்வது இதன் மிதமான வடிவம். சிறுதமனிகள் தளர்ந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதே தளர்ச்சியால் சிலருக்குக் கணுக்கால் வீங்குகிறது. வெராபமில் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வருவதும் குடலின் மென்தசை அதே வாயில்களை நம்பியிருப்பதால்தான்.

கட்டுவதும் தொங்கவிடுவதும்

இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் துண்டு போதும். வளைந்த ஊசியில் பருத்தி நூல் கோத்து, ஒரு முனையில் குடல்தாங்கி ஒட்டியிருந்த ஓரத்திலும், மறுமுனையில் அதற்கு எதிர் ஓரத்திலும் கட்டுங்கள். சுவரின் ஒரு பக்கத்தை மட்டும் குத்தி முடிச்சுப் போட வேண்டும். வாயைச் சுற்றிக் கட்டிவிடக் கூடாது. குழாய் இருபுறமும் திறந்திருந்தால்தான் கரைசலும் மருந்தும் உள்ளே புகுந்து வெளியேறும். மூடிக் கட்டிய துண்டுக்குள் சளியும் முந்தின டோஸின் மிச்சமும் தங்கி, கழுவக் கழுவ கிராஃபின் அடிக்கோடு (மருந்து இல்லாதபோது ஓடும் கோடு) இறங்காது.

குடல் சுவரில் உள்ளே வட்டத் தசையும் வெளியே நெடுக்குத் தசையும் இருக்கின்றன. இப்படி நெடுக்காகத் தொங்கவிட்டால் பதிவாவது நெடுக்குத் தசையின் வேலைதான். இதை மறந்துவிட்டு, கிராஃபைக் காட்டி "குடலின் அலையியக்கம்" என்று எழுதுவது தவறு. அலையியக்கத்துக்கு இரண்டு அடுக்கும், இடையிலுள்ள நரம்புப் பின்னலும் சேர்ந்து, உணவுக்குப் பின்னால் சுருங்கி முன்னால் தளர வேண்டும். 1899இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலில் விவரித்தது அதைத்தான்.

கீழ்முனையைக் காற்றுக்குழாயின் கொக்கியிலும் மேல்முனையை, அசைவைக் கிராஃபாக எழுதும் லீவரின் குட்டைக் கையிலும் மாட்ட வேண்டும். அதற்கு முன் லீவரைச் சமன் செய்யுங்கள். குடல் கட்டப்போகும் புள்ளியில் அரை கிராம் எடையைத் தொங்கவிட்டு, நீண்ட கையில் பிளாஸ்டிசினை ஒட்டி லீவர் படுக்கையாக நிற்கும்வரை சரிசெய்யுங்கள். எடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குடலைக் கட்டினால் தசையின் மேல் விழுவது அரை கிராம் இழுப்பு. ட்ரான்ஸ்டியூசர் (இழுப்பை மின்குறியாக மாற்றும் கருவி) இருக்கும் கூடத்தில் திரையில் எண்ணைப் பார்த்தே வைத்துவிடலாம். அரையிலிருந்து ஒரு கிராம். அதிகம் இழுத்தால் தசையைச் சுருக்கும் புரத இழைகளான ஆக்டினும் மையோசினும் விலகிப்போய் சுருங்க வலுவிருக்காது. தளர்வாக விட்டால் சுருக்கத்தின் முதல் பாதி நூலின் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும்.

கட்டியவுடன் இன்னொன்றைப் பார்ப்பீர்கள். இழுப்பு தானாகவே குறைந்துகொண்டு போகும், அடிக்கோடு மெல்ல நகரும். முடிச்சு அவிழ்கிறது என்று நினைத்து மறுபடி இழுத்துக் கட்டாதீர்கள். இழுத்தால் கொஞ்ச நேரத்தில் அந்த நீளத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டு இறுக்கத்தை விட்டுக்கொடுப்பது மென்தசையின் அடிப்படைக் குணம். சிறுநீர்ப்பை சொட்டுச் சொட்டாக நிறையும்போது உள்ளழுத்தம் பெரிதாக ஏறாமல் இருப்பதிலும், சாப்பிடச் சாப்பிட இரைப்பை இடம் கொடுப்பதிலும் இந்தக் குணத்துக்குப் பங்குண்டு, நரம்பின் பங்கு அதோடு சேரும். ஆகவே 30 நிமிடம், கோழிக்குடல் அடங்காவிட்டால் 45 நிமிடம் ஓய்வு கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். அடிக்கோடு நிலைத்த பிறகுதான் முதல் டோஸ். அவசரப்பட்டு எடுத்த கிராஃபில் முதல் மூன்று டோஸும் சரிந்த கோட்டின் மேல் நிற்கும், அளக்கவே முடியாது.

வெப்பநிலை 37 டிகிரி. அதைக் குடல் தொங்கும் உட்குழாய்க்குள் வெப்பமானி விட்டுப் பார்க்க வேண்டும். உட்குழாயைச் சூழ்ந்த வெளிப்பெட்டியின் நீர் 37 காட்டினால் உள்ளே அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கழுவ வரும் டைரோடும் சுருள்குழாய் வழியாகச் சூடேறி வர வேண்டும். கழுவும் ஒவ்வொரு முறையும் அடிக்கோடு துள்ளினால், சுருளில் தங்கும் அளவைவிட அதிகக் கரைசலை ஒரே மூச்சில் இறக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

டைரோடுக்குக் காற்றே போதும். மீன்தொட்டி பம்ப்பை வைத்தே பல கூடங்கள் ஓடுகின்றன. குமிழி விநாடிக்கு ஒன்றிரண்டு, ஒரே சீராக. அதிகம் விட்டால் குமிழி நூலில் மோதி கோடு நடுங்கும். அதோடு கரைசலில் உள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, காரத்தன்மை கூடி, கால்சியம் குழாய்ச் சுவரில் வெள்ளையாகப் படியத் தொடங்கும்.

டோஸ்

அசிட்டைல்கோலினைச் சாதாரண நீரிலோ டைரோடிலோ கரைத்து வைத்தால் தானே சிதைந்துவிடும். காரத்தில் அது நிலைக்காது. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள ஸ்டாக்கை (கெட்டியான மூலக்கரைசலை), சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கலந்து லேசாக அமிலமாக்கிய நீரில் தயாரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். செய்முறை நடக்கும் அன்று அதிலிருந்து மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று நீர்த்துக்கொள்ளலாம்.

0.1, 0.2, 0.4, 0.8 மி.லி. என்று இரட்டித்துக்கொண்டு போவது வழக்கம். பதிவேட்டில் எழுதும்போது பாத்தில் எவ்வளவு செறிவு என்றும் எழுதுங்கள். 0.2 மி.லி.யில் 2 மைக்ரோகிராம் இருக்கிறது, 25 மி.லி. பாத்தில் அது மில்லிலிட்டருக்கு 80 நானோகிராம். அடுத்த மேசையில் 10 மி.லி. பாத் இருந்தால் அதே 0.2 மி.லி. இரண்டரை மடங்கு செறிவு. இரு மேசையின் கிராஃபும் ஒத்துவரவில்லை என்று வரும் சண்டைகள் இதைக் கணக்கிட்டால் தீர்ந்துவிடும். ஒரு மில்லிலிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டிவந்தால், பத்து மடங்கு கெட்டியான கரைசலுக்கு மாறுங்கள். இல்லையென்றால் கொட்டிய நீரின் குளிரும் அளவுமே தசையைத் தொந்தரவு செய்யும்.

சுழற்சி ஐந்து நிமிடம். 30 விநாடி அடிக்கோடு, பிறகு டோஸ், 30 விநாடி தொடர்பு நேரம், கிராஃப் தாள் சுழலும் ட்ரம்மை நிறுத்திக் கழுவல், மிச்ச நேரம் ஓய்வு, இடையில் மறுபடி ஒருமுறை கழுவல். கோழிக்குடல் 30 விநாடியில் உச்சம் தொடவில்லை என்றால் 45 அல்லது 60 விநாடி வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் எதை வைத்தீர்களோ அதையே கடைசிவரை வைத்திருங்கள். டோஸை ஊசியால் நேராகக் குடலின் மேல் பீய்ச்சாமல், குழாய்ச் சுவரோரம் விடுங்கள்.

கைத்தசை பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் துடித்து முடிக்கும்போது இது மட்டும் ஏன் இத்தனை விநாடி எடுக்கிறது? கைத்தசையில் கால்சியம் வந்து ட்ரோபோனின் என்ற புரதத்தைத் தொட்டதும் வழி திறந்துவிடும். மென்தசையில் ட்ரோபோனின் இல்லை. அசிட்டைல்கோலின் மஸ்கரினிக் ஏற்பியை (செல்சவ்வில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) தொட வேண்டும், செல்லுக்குள் கால்சியம் ஏற வேண்டும், அது கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர வேண்டும், அந்தக் கூட்டு ஒரு நொதியை எழுப்ப வேண்டும், நொதி மையோசின் மேல் பாஸ்பேட்டை ஏற்ற வேண்டும். அதன் பிறகே மையோசின் ஆக்டினை இழுக்கும். இழுத்த பிடியை மிகக் குறைந்த ஆற்றலில் நீண்ட நேரம் வைத்திருக்கவும் அதற்குத் தெரியும். ரத்தக்குழாய்கள் ஆயுள் முழுக்கச் சோராமல் இறுக்கம் காப்பது அப்படித்தான்.

பெரிய டோஸுக்குப் பின் உடனே சிறிய டோஸ் கொடுத்தால் பதில் குறைந்து வரும். ஏற்பிகள் களைத்திருக்கும், மருந்தும் முழுதாகக் கழுவப்பட்டிருக்காது. ஆகவே ஏறுவரிசையில் போய், உச்சம் வந்த பிறகு பத்து நிமிடம் விட்டுவிட்டு, முதலில் கொடுத்த ஒரு நடுத்தர டோஸை மறுபடி கொடுத்துப் பாருங்கள். அதே உயரம் வந்தால் அந்தக் கிராஃபை நம்பலாம். வராவிட்டால் தசை தளர்ந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் செறிவு கணக்கிடுவது வீண்.

கிராஃப் வராதபோது

முதலில் பொட்டாசியத்தைக் கொடுங்கள். 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடை நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்கினால், அதில் அரை மில்லிலிட்டர் 25 மி.லி. பாத்தில் ஏறக்குறைய 60 மில்லிமோல் கூட்டும். இது ஏற்பியைத் தேடுவதில்லை. செல்சவ்வின் மின்னழுத்தத்தை மாற்றிக் கால்சியம் வாயில்களை நேரே திறக்கிறது. பொட்டாசியத்துக்குச் சுருங்கி அசிட்டைல்கோலினுக்குச் சுருங்காத தசை உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் ஸ்டாக் கெட்டுவிட்டது, அல்லது அசிட்டைல்கோலினை மறிக்கும் அட்ரோபின் பாத்தில் மிச்சமிருக்கிறது. இரண்டுக்குமே அசையவில்லை என்றால் லீவர் எங்காவது முட்டுகிறதா, நூல் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கரைசலின் கால்சியம். அதுவும் சரி என்றால் துண்டை மாற்றுங்கள்.

அட்ரோபினைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். லிட்டருக்குச் சில நானோமோல் இருந்தாலே அது அசிட்டைல்கோலினை மறித்துவிடும், எளிதில் கழுவியும் போகாது. அதற்கென்று தனி சிரிஞ்ச் வையுங்கள், சிவப்பு நாடா ஒட்டுங்கள். அட்ரோபின் பகுதியைச் செய்முறையின் கடைசியில் செய்யுங்கள். வயிற்றுவலிக்குத் தரும் டைசைக்ளோமினும் ஹயோசின் பியூட்டைல்புரோமைடும் இதே வழியில் ஏற்பியை மறிப்பவைதான். குடல் தளரும்போது எச்சில் வறள்வதும், புராஸ்டேட் வீங்கிய முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் அதனால்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டைசைக்ளோமின் கொடுக்கவே கூடாது.

அடுத்த தொல்லை, டோஸ் இல்லாமலே குடல் ஆடுவது. குடல் சுவரில் கஹால் இடைச்செல்கள் என்று சில உண்டு. மின்னலைகளைத் தாளம் தவறாமல் எழுப்புவது அவைதான். மனித இரைப்பையில் அந்தத் தாளம் நிமிடத்துக்கு 3, முன்சிறுகுடலில் 12. ஒரு செல்லின் அலை இடைவெளிச் சந்திகள் (செல்களை இணைக்கும் நுண்வழிகள்) வழியே பக்கத்துச் செல்களுக்குப் பரவுவதால் துண்டு முழுக்கச் சேர்ந்து ஆடுகிறது. ஆட்டம் மிஞ்சினால் வெப்பநிலையை 32 டிகிரிக்கு இறக்குங்கள், பெரும்பாலும் அடங்கும். எலிக் கருப்பைக்குப் பயன்படும் டி ஜாலோன் என்ற உப்புக்கரைசலில் கால்சியத்தை லிட்டருக்கு 0.06 கிராமாகக் குறைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். லேசான ஆட்டம் என்றால் விட்டுவிடுங்கள். அளக்கும்போது எப்போதும் ஆட்டத்தின் அடிப்புள்ளியிலிருந்தே அளந்தால் போதும்.

வேறு தசைகள்

மென்தசை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஆட்டின் மூச்சுக்குழலை இறைச்சிக்கூடத்திலிருந்து வாங்கிப் பாருங்கள். குருத்தெலும்பு வளையம் பின்பக்கம் திறந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் தசை. வளையங்களை நறுக்கி, தசைக்கு நேர் எதிரே குருத்தெலும்பை வெட்டித் திறந்து, ஐந்தாறு வளையங்களை ஒன்றோடொன்று கட்டிச் சங்கிலியாக்க வேண்டும். கினிப்பன்றியில் இந்தச் சங்கிலி முறையை 1947இல் காஸ்டியோவும் டி பீரும் வெளியிட்டார்கள். இதற்கு கிரெப்ஸ் என்ற வேறொரு உப்புக்கரைசல். அதில் பைகார்பனேட் அதிகம் என்பதால் வெறும் காற்று போதாது, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த ஆக்சிஜன் வேண்டும். ஹிஸ்டமினுக்கு மெதுவாகச் சுருங்கும், அதைவிட மெதுவாக விடும். குடலுக்குப் பழகிய ஐந்து நிமிடச் சுழற்சியை இங்கே வைத்தால் டோஸ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்; 15 நிமிடம் கொடுங்கள். சால்பியூட்டமால் விட்டால் இறுகிய சங்கிலி தளர்வதைப் பார்க்கலாம். ஆஸ்துமாக்காரருக்கு இந்த மருந்தின் இன்ஹேலர் செய்வது அதுதான், அது மட்டும்தான். மூச்சுக்குழல் சுவரின் வீக்கத்தை அது தொடுவதில்லை. அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி தினமும் இழுக்க வேண்டும், மூச்சு சரியாக இருக்கும் நாளிலும்.

ரத்தக்குழாயில் செய்பவர்கள் உட்சுவரைத் தொடாமல் வளையம் நறுக்கப் பழக வேண்டும். முயலின் பெருந்தமனி அசிட்டைல்கோலினுக்கு ஒருசமயம் தளர்வதும் ஒருசமயம் சுருங்குவதும் நெடுநாள் குழப்பமாக இருந்தது. 1980இல் ஃபர்ச்காட்டும் ஸவாட்ஸ்கியும் விடையைச் சொன்னார்கள்: உட்சுவரின் மெல்லிய செல்லடுக்கு இருந்தால் தளர்கிறது, தயாரிக்கும்போது அது தேய்ந்துபோயிருந்தால் தளர்வதில்லை. அந்தச் செல்கள் விடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் இதே நைட்ரிக் ஆக்சைடை நேரே தசைக்குத் தருகிறது. சில்டெனாஃபில் அந்தத் தளர்ச்சியை நீட்டிக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். நெஞ்சுவலியோடு வரும் ஆணிடம் சில்டெனாஃபில் எடுத்தாரா என்று கூச்சப்படாமல் கேட்பது மருந்தாளுநரின் கடமை.

கருப்பையைப் பொறுத்தவரை பிரசவ வார்டே பாடம். நஞ்சுக்கொடி பிரிந்ததும் திறந்து நிற்கும் ரத்தக்குழாய்களை, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசையிழைகள் இறுகி நெரித்து மூட வேண்டும். தசை தளர்ந்து நின்றால் ரத்தம் நிற்காது. அதனால்தான் குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்சிடோசினைத் தசை ஊசியாகப் போடுகிறார்கள். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருந்திருக்க வேண்டும்; வெயிலில் கிடந்த ஆம்பியூல் பார்க்க அப்படியே இருக்கும், வீரியம் போயிருக்கும். நிறைந்த சிறுநீர்ப்பையும் கருப்பை இறுகுவதைத் தடுக்கும். ஆகவே பிரசவித்தவர் சிறுநீர் கழித்தாரா என்று பார்ப்பது ஊசி போடுவதற்குச் சற்றும் குறையாத வேலை.

மிச்சமான இலியத்தை டைரோடில் மூழ்க வைத்து 4 டிகிரியில் வையுங்கள். மறுநாளும் பெரும்பாலும் வேலை செய்யும், தானாக ஆடுவதும் குறைந்திருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் பனிக்கட்டி செல்லைக் கிழித்துவிடும். பாத்தைக் கழற்றியதும் உட்குழாய், காற்றுக்குழாய், சுருள் எல்லாவற்றிலும் முதலில் குழாய்நீரும் பிறகு காய்ச்சி வடித்த நீரும் பலமுறை ஓடட்டும். வெள்ளைப் படிவு தெரிந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, அமிலம் போகும்வரை கழுவுங்கள். அட்ரோபின் ஓடிய நாளில் ரப்பர் குழாய்களைக் கழற்றித் தனியே அலசுங்கள். அடுத்த வகுப்பின் கிராஃபைக் கெடுக்கும் மிச்சம் பெரும்பாலும் அவற்றில்தான் தங்கியிருக்கும்.